"படிக்காட்டிச் சைக்கிள் கடைதான்" என்று இனிச் சொல்ல மாட்டேன்

அன்பு உறவுகளே, என்னிடம் படித்த பிள்ளைகளே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. வழமைபோலத் தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கோ.

நான் இப்போது ஒன்ராறியோவின் வடக்கே, சட்பரி நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இரண்டாவது குளிர்காலம். போன மாதம் கராஜுக்குள் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று, ஸ்னோமொபைலின் அடியில் இருக்கும் இரண்டு பிளாஸ்ரிக் பட்டிகளை மாற்றினோம். "வாத்தியாருக்கு வேற வேலை இல்லையோ?" என்று சிரிப்பீர்கள். ஆனால் அந்த இரண்டு பட்டிகளால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. அதில் நான் எந்தப் பக்கம் என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் மாதிரி. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்குச் சில்லுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு அகலமான றப்பர்ப் பட்டி. அதை ட்ராக் என்பார்கள். ட்ராக்குக்கு உள்ளே தண்டவாளம்போல இரண்டு அலுமினியச் சட்டங்கள் இருக்கும். வண்டியின் பின்பாரம் முழுக்க அந்தச் சட்டங்களில்தான். அலுமினியம் நேரே ட்ராக்கில் உரசினால் கொஞ்ச நாளில் தின்றுபோகும். அதனால் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் நீளமான ஒரு பிளாஸ்ரிக் பட்டியைச் செருகியிருப்பார்கள். இங்கே சிலர் ஸ்லைட் என்பார்கள், சிலர் ஹைபாக்ஸ் என்பார்கள். ட்ராக்கில் இருக்கும் உலோகக் கிளிப்புகள் இந்தப் பிளாஸ்ரிக்கின் மேல்தான் வழுக்கி ஓடும்.

அதாவது, தேய்வதற்கென்றே வைத்த சாமான். விலை கூடியதைக் காப்பாற்ற விலை குறைந்தது தேய்கிறது. எங்கட சைக்கிள் பிறேக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கோ. கட்டை தேய்ந்தால் கட்டையை மாற்றலாம். மாற்றாமல் ஓடினால் இரும்பு றிம்மைத் தின்னும்.

இந்தப் பட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும். தேய்மானம் அந்தக் கோட்டுக்கு வந்தால் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் விதி. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

என் பேரனுக்குப் பதினைந்து வயது. மார்கழி விடுமுறையிலேயே அவன் டோர்ச் லைற்றோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அப்பா, முன் வளைவில கோட்டைத் தொட்டுட்டுது." மருமகன் நல்ல மனுசன், கணக்காளர், வேலைப்பளு கூடியவர். "சீசன் முடியட்டும் தம்பி, கடையில குடுத்து மாத்துவம்" என்றார். நானும் தலையாட்டினேன். பதினைந்து வயதுப் பொடியன் சொன்னதை இரண்டு பெரிய மனுசர் கேட்கவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தையில் இரண்டு நாள் மழை பெய்து, பிறகு கடுங்குளிர் அடித்தது. பாதை முழுக்கக் கண்ணாடிபோல் ஐஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகனும் போனார்கள்.

இங்கேதான் நான் முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் படிப்பித்த உராய்வு எனக்கே புதுப்பாடம் நடத்தியது. ஸ்னோமொபைலுக்குப் பனி வெறும் பாதை மட்டுமல்ல, அதுதான் எண்ணெய், அதுதான் குளிர்விப்பானும். ட்ராக் சுற்றும்போது தூள் பனி அள்ளுண்டு பட்டியில் விழும். அந்த ஈரம் உராய்வைக் குறைக்கும், சூட்டை எடுக்கும். ஐஸில் தூள் பனி கிடையாது. கிளிப்பும் பிளாஸ்ரிக்கும் காய்ந்தபடி உரசும். இந்தப் பிளாஸ்ரிக் பொலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்தது. மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது, தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். செயற்கை முழங்கால் மூட்டுக்குள் வைப்பதும் இதே இனம்தான். ஆனால் அதன் உருகுநிலை 130 பாகை செல்சியஸ் சுமார்தான். வெளியே மறை 23 பாகை குளிர் என்றாலும், உரசும் இடத்தில் அந்தச் சூடு வந்துவிடும்.

வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றரில் எரிந்த பிளாஸ்ரிக் மணம் வந்திருக்கிறது. மருமகன் பார்ப்பதற்காக வண்டியை நிற்பாட்டினார். நிற்பாட்டியதுதான் பிழை. உருகியது கிளிப்புகளோடு ஒட்டி அப்படியே இறுகிவிட்டது. ட்ராக் அசையவில்லை. ரெலிபோனுக்கு சிக்னல் இல்லை. பொழுது படத் தொடங்கிவிட்டது.

பொடியன்தான் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டச் சொல்லியிருக்கிறான். ஒட்டு விட்டது. பாதை ஓரத்து மெத்தைப் பனியைக் கையால் அள்ளி ட்ராக்குக்குள் போட்டிருக்கிறான். பிறகு சட்டத்தில் மடித்துக் கட்டியிருந்த ஐஸ் கீறிகளை இறக்கி விட்டிருக்கிறான். அவை ஸ்பிரிங் மாதிரியான இரண்டு கம்பிகள், ஐஸைக் கீறித் தூளாக்கிப் பட்டியில் விழச் செய்யும். வாங்கிய நாளிலிருந்து அவற்றை ஒருவரும் இறக்கியதில்லை. பாதையின் ஓரமாக, பஞ்சுப் பனி இருக்கும் இடமாகப் பார்த்து, மெல்ல மெல்ல ஊர்ந்து, இரவு ஏழரைக்கு வந்து சேர்ந்தார்கள். மகள் யன்னலடியில் நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். நல்ல உடுப்பு இருந்தபடியால் விரல்கள் தப்பின.

அடுத்த சனிக்கிழமை மாற்றுவது என்று முடிவு. கடையில் கொடுத்தால் இரண்டு கிழமை வரிசை. பட்டிச் சோடி நூறு டொலருக்குள் வந்தது. பக்கத்து வீட்டு ஐயா பின்லாந்து வழிவந்தவர், நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். சட்பரியில் அப்படிப் பல குடும்பங்கள் உண்டு. அவர் கருவிப் பெட்டியோடு வந்தார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் சந்திக்கும் இடம் குறைவு. கையால்தான் கதைத்தோம்.

வேலையைப் பேரன்தான் செய்தான், நாங்கள் இரண்டு கிழவரும் எடுபிடி. செய்முறையைச் சொல்கிறேன். கனடாவில் வண்டி வைத்திருக்கும் உறவுகளுக்கு உதவும்.

முதல் நாள் இரவே வண்டியைக் கராஜுக்குள் விட்டு ஐஸ் உருக விட்டோம். பின்பக்கத்தை உயர்த்தித் தாங்கியில் நிறுத்தினோம், ட்ராக் தொங்க வேண்டும். பின் அச்சு போல்ற்றை இளக்கி, இரண்டு பக்கத்து இழுவைத் திருகுகளையும் பின்னோக்கிச் சுற்றி ட்ராக்கைத் தளர்த்தினான். ஒவ்வொரு பக்கமும் எத்தனை சுற்று என்று மட்டையில் குறித்து வைத்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சட்டத்தின் முன் நுனியில் பட்டிக்கு ஒரேயொரு போல்ற். இடது பக்கம் உடனே கழன்றது. வலது பக்கம் துருப்பிடித்து இறுகிப்போய் இருந்தது. நான், "நல்லா இழு தம்பி" என்றேன். பக்கத்து வீட்டு ஐயா தலையை ஆட்டி, எண்ணெயை அடித்துவிட்டு, கோப்பிக் கோப்பையைக் காட்டினார். கால் மணித்தியாலம் பொறுத்தோம். சாதாரணமாகக் கழன்றது. இழுத்திருந்தால் போல்ற் முறிந்து நாள் முழுக்கப் பாழாகியிருக்கும்.

பிறகு முன்னிருந்து பின்னோக்கித் தட்டி எடுக்க வேண்டும். ட்ராக்கில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருக்கின்றன. ட்ராக்கைக் கையால் உருட்டி, பட்டி வெளியே வருவதற்கு ஏற்றமாதிரி ஓட்டையை நேர்ப்படுத்தினான். சுத்தியலால் நேரே அடிக்காமல், இடையில் வைரமான மரத்துண்டு வைத்து அடித்தான். ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. உருகிய பிளாஸ்ரிக் சட்டத்தின் தவாளிப்புக்குள் பிடித்திருந்தது. பின்னாலிருந்து குறட்டால் கவ்வி இழுக்க, முன்னால் அடிக்க, ஓட்டைக்குள்ளால் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது.

பழைய பட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பின்பாதியில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்வளைவில் ஓரிடத்தில் கடதாசி மட்டைத் தடிப்புக்கூட மிச்சமில்லை. அதற்கு மேலே அலுமினியச் சட்டத்தில் விரல் நீளத்துக்குப் புதுப் பளபளப்பு. கிளிப்புகள் சட்டத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன. இன்னும் இரண்டு மூன்று ஓட்டம் ஓடியிருந்தால் சட்டமே போயிருக்கும். அது பல நூறு டொலர்க் கதை.

தவாளிப்பைச் சுத்தம் செய்து, பிசிறை அரத்தால் ராவினான். புதுப்பட்டியின் நுனியைக் கத்தியால் சற்றுச் சரித்தான். சவர்க்காரத் தண்ணி பூசி, பின்பக்க ஓட்டைக்குள்ளால் நுழைத்து, முன்னோக்கித் தட்டிக்கொண்டு போனான். வளைவில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. போல்ற் ஓட்டை நேருக்கு வந்ததும் இறுக்கினான். முதல் பட்டிக்கு மூன்று மணித்தியாலம், இரண்டாவதற்கு நாற்பது நிமிடம். "ஒரு பக்கம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் பாரம் ஒத்து இறங்காது.

கடைசியில் இழுவை. அதுதான் நுணுக்கமான வேலை. ட்ராக் இறுக்கமாக இருந்தால் புதுப்பட்டியும் சீக்கிரம் தேயும். தளர்வாக இருந்தால் பல்லிலிருந்து நழுவும். கையேடு சொன்ன இடத்தில், சொன்ன பாரத்தைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து, திருகினான். பின்பக்கம் தொங்கியபடியே எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு பக்க இடைவெளியும் சமமா என்று பார்த்தான். அந்த நேரம் வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. நான் நின்றேன். "அம்மப்பா, பின்னால நிக்காதேங்கோ! கல்லுத் துண்டு கிடந்தாலும் துவக்குச் சன்னம் மாதிரிப் பறக்கும்" என்று அதட்டினான். முப்பத்து மூன்று வருடம் வகுப்பறையில் நான் போட்ட அதட்டு அன்று எனக்கே வந்தது. சந்தோசமாக நகர்ந்தேன்.

இனி வாக்குவாதத்துக்கு வருகிறேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பொடியன் சொன்னான்: அடுத்த வருடம் பதினோராம் வகுப்பில் கோ-ஒப் பாடம் எடுக்கப் போறானாம். பள்ளிக்கூட நேரத்திலேயே ஒரு வேலைத்தலத்துக்குப் போய்ப் பழகலாம், அதற்கும் புள்ளி உண்டு. அவனுக்குச் சிறிய எஞ்சின் திருத்தும் கராஜில்தான் ஆசை. பிறகு தொழிற்பயிற்சி, பிறகு கல்லூரி.

மகள் கரண்டியை வைத்துவிட்டாள். "இதுக்கே நாங்கள் கனடா வந்தது?"

மருமகன் ஒன்றும் பேசவில்லை. அவர் வந்த புதிதில் இரவில் தொழிற்சாலை, பகலில் படிப்பு என்று நான்கு வருடம் இருந்தவர். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய கை. தன் பிள்ளையின் கையில் கிறீஸ் படக்கூடாது என்று அந்தக் கை நினைப்பது எனக்கு விளங்குகிறது. அதை நான் இளக்காரமாக எழுத மாட்டேன். எங்கட சனம் பட்ட பாட்டில் பிறந்த பயம் அது.

ஆனால் மகள் அடுத்ததாகச் சொன்ன வசனம்தான் என்னைக் குத்தியது. "அப்பாவே எங்களுக்குச் சொல்லித்தானே வளர்த்தவர், படிக்காட்டிச் சைக்கிள் கடைதான் எண்டு."

உண்மை. சொன்னேன். அவளுக்கு மட்டுமில்லை, எத்தனை வகுப்புக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் பிள்ளை உளவியல் படித்தவன்தான் நான். "செய்து கற்றல்" என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவன்தான். வகுப்பறைக்குள் போனதும் வாயில் வந்தது சைக்கிள் கடைதான்.

ஒன்றை நினைத்துப் பாருங்கோ. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிள் உதிரிப்பாகம்கூட இல்லை. அந்தக் குடாநாட்டை ஓட வைத்தது யார்? மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டியவர்கள் யார்? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிக்கு மின்சாரம் கொடுத்தவர்கள் யார்? நான் பள்ளிக்கூடம் போன சைக்கிளுக்குப் பழைய ரயரில் பிறேக் கட்டை வெட்டிப் போட்டவன் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். பள்ளிக்கூட மாமரத்தடியில், இடைவேளையில் செய்து தந்தான். அன்று பின்னேரம் விஞ்ஞானப் பாடத்தில் அவனுக்குப் புள்ளி குறைவு. பாடம், நம்புவீர்களோ தெரியாது, உராய்வு. அவனைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

உராய்வை விளங்கியவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். எனக்கே விளங்கியிருக்கவில்லை.

இந்த ஸ்னோமொபைலின் கதையையும் ஒருக்கால் பாருங்கோ. கியூபெக்கில் வல்கூர் என்ற ஊரில் யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்று ஒருவர். 1907இல் பிறந்தவர். குருமடத்தில் படித்தார். மனம் இயந்திரத்தில் இருந்ததால் அந்தப் படிப்பை விட்டு வந்தார். 1926இல், பத்தொன்பது வயதில், ஊரிலேயே சொந்தக் கராஜ் திறந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. பாதை எல்லாம் பனி மூடியிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, பிள்ளை இறந்துவிட்டது. 1937இல் பல்லுச் சக்கரமும் ட்ராக்கும் சேர்ந்த தன் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அவருடைய பனி வண்டிகள் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாலையும் ஏற்றி ஓடின. 1959இல் ஸ்கிடூ வந்தது. அந்தக் கராஜ்காரர்தான் இந்த நாட்டின் குளிர்காலத்தை மாற்றியவர்களில் ஒருவர். குருமடத்திலேயே இருத்தியிருந்தால் நல்ல குருவாகவும் வந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் அந்தக் கை அங்கே என்ன செய்திருக்கும்?

என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை பேரன் செய்ததில் பௌதிகவியல் இருந்தது, இரசாயனம் இருந்தது, அளவீடு இருந்தது, எண்பது பக்கக் கையேட்டை வாசித்து விளங்கும் மொழியறிவு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை இருந்தது. அது படிப்பில்லை என்றால் எது படிப்பு?

இரண்டு: எல்லாப் பிள்ளையையும் கராஜுக்கு அனுப்புங்கோ என்றும் சொல்லவில்லை. போக விரும்பும் பிள்ளையைத் தோற்றவன்போலப் பார்க்காதேங்கோ என்கிறேன். மருத்துவராக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஏன்?" என்று யாராவது கேட்கிறோமா? திருத்துநராக வேண்டும் என்றால் மட்டும் விசாரணை வைக்கிறோம்.

மூன்று: பெரியவர்களுக்கு. வண்டிக்குப் பக்கவாட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், தேய்ந்தது தெரிவதற்கு. பிள்ளைகளுக்கு அப்படிக் கோடு கிடையாது. நாங்கள் சொல்லும் சொல் எவ்வளவு தின்றது என்று வெளியே தெரியாது. என் மாணவன் சிரித்தான் என்றுதான் நான் முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு எதிர்க்கருத்து வரும், தெரியும். "வாத்தியார், உங்கட பிள்ளைகளைப் படிக்க வைச்சு விட்டிட்டு எங்களுக்கு உபதேசமோ?" நியாயமான கேள்வி. என் பதில், பிழை விட்டவன்தான் பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்பதே. இன்னொன்றும் வரும்: "கையால் வேலை செய்பவனுக்கு உடம்பு தேயும்." உண்மைதான். பக்கத்து வீட்டு ஐயாவின் முழங்கால் சுரங்கத்தில் தேய்ந்ததுதான். ஆனால் மருமகனின் முதுகும் கண்ணும் கதிரையில் இருந்து தேய்கின்றன. தேயாத தொழில் எது?

பாடத் தெரிவுப் படிவம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. பெற்றோர் கையொப்பமிடும் இடம் வெறுமையாக இருக்கிறது. கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள். நேற்றிரவு மகள் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றதைக் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையொப்பம் அவளுடையது, என்னுடையது அல்ல. ஆனால் அந்த வசனம் என்னுடையது. அதை அவளிடம் நேரே, "நான் சொன்னது பிழை, பிள்ளை" என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டேன். இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை: இன்றே டோர்ச் அடித்து அந்தக் கோட்டைப் பாருங்கோ, முன்வளைவில் கட்டாயம் பாருங்கோ. ஐஸ் பாதையில் கீறியை இறக்குங்கோ. பின்னோக்கி ஓட்ட முதல் கீறி எப்படி இருக்கிறது என்று பாருங்கோ, சில வகை மடிந்து முறியும். பிளாஸ்ரிக் மணம் வந்தால் பஞ்சுப் பனிக்குள் இறங்கிய பிறகு நிற்பாட்டுங்கோ. புதுப்பட்டி போட்டால் முதல் ஓட்டம் மெல்ல, தூள் பனியில்.

ரயரில் பிறேக் கட்டை வெட்டித் தந்த மாணவனுக்கும் ஒரு வார்த்தை. இதை நீ வாசித்தால், உன் பெயரை நான் இங்கே எழுதாததன் காரணம் உனக்குத் தெரியும். அந்தக் கட்டை இரண்டு வருடம் தாங்கியது, தம்பி. இன்பொக்ஸில் ஒரு சொல் போடு.

மற்றவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கோ. உங்களுக்கு ஆசிரியர்கள் சொன்ன இப்படியான வசனங்களையும் எழுதுங்கோ. நான் சொன்னதாக இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கோ, வாசிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்